மைனாவுக்கு எரியாத மிளகாய்

விருந்தில் ஊசிமிளகாயைக் கடித்த ஜமீன்தார், விருந்தாளிகள் முன்னால் கண்ணும் மூக்கும் ஒழுகக் குதித்தார். அதைப் பயிரிட்ட குத்தகைக்காரன் சங்கிலியை இழுத்துவரச் சொன்னார்.

"விஷமாடா வச்சே? இல்லைன்னு காட்டு. இல்லாட்டி உன் குத்தகை நிலம் போச்சு!"

சங்கிலி அதே தட்டிலிருந்து ஒரு மிளகாயை ஜமீன்தாரின் கூண்டு மைனாவுக்கு நீட்டினான். அது முழுசாக விழுங்கிவிட்டு, இன்னொன்று கேட்டு அலகைத் திறந்தது.

"அதுக்கு மட்டும் ஏன்டா எரியலை?"

"மைனா விதையை மெல்லாது எசமான். போற இடமெல்லாம் விதைச்சிட்டுப் போகும். விதைக்கிறவங்களை மிளகாய் ஒண்ணும் செய்யாது. விதையையே அரைச்சு நாசமாக்குற வாயைத்தான் எரிக்கும். நான் விதைக்கிறவன், பாருங்க!"

சங்கிலி ஒரு மிளகாயை வாயில் போட்டு மென்றான். தினமும் தின்று பழகிய நாக்கு; கண் கலங்கவில்லை. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் நிலத்துக்கே நடந்தான். தடுக்க ஜமீன்தாரால் முடியவில்லை. அவர் வாய் நிறைய மோர் இருந்தது.