துணிக்கு அந்தப் பக்கம்

எலும்பு மருத்துவர் ஜெசிந்தாவிடம் மேற்படிப்புக்கு வந்தவள் நிறைமதி. கத்தியைவிட வாய் கூர்மை என்று வார்டில் அவளுக்குப் பெயர்.

அன்று ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தவள் கபடிக்காரி இசக்கியம்மாள். இருபது வயது. முழங்கால் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு கிழிந்திருந்தது. கிழிந்ததை நறுக்கி எடுப்பதா, தைப்பதா? உள்ளே பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் அவளுக்கு மரத்திருந்தது. நடுவில் மறைப்புத் துணி. அந்தப் பக்கம் அவள் முழித்துக்கொண்டுதான் கிடந்தாள்.

ஜெசிந்தா கேமராவை மூட்டுக்குள் விட்டார். திரையில் கிழிசல் தெரிந்தது.

"ஓரத்துல கிழிஞ்சிருக்கு மேடம். ரத்தம் ஓடுற இடம். தச்சா ஒட்டும்," என்றாள் நிறைமதி.

"கோச் நறுக்கச் சொன்னாரே."

நிறைமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் அந்த மனுஷன் வராந்தாவில் பேசிய பேச்சு இன்னும் காதில் இருந்தது. 'தச்சா ஆறு மாசம் உக்கார வச்சிருவீங்க. நறுக்கிவிடுங்க, அடுத்த மாசக் கடைசியில மேட்ச். எப்படியும் கட்டிக்குடுத்துருவாங்க. அதுவரைக்கும் மூட்டு தாங்கினாப் போதும் டாக்டரம்மா.'

"சொல்றதுக்கு அவர் யாரு மேடம்? அது அவர் மூட்டா? நாப்பது வயசுல இவ படியேற முடியாம நிக்கும்போது அந்த ஆளு வந்து தூக்கிவிடுவாரா? நறுக்க நான் விடமாட்டேன். தைக்கத்தான் வேணும்."

ஜெசிந்தா திரையை நோயாளியின் தலைமாட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார்.

"இசக்கி, அதுதான் உன் ஜவ்வு. நறுக்கினா சீக்கிரம் ஆடலாம், ஆனா மூட்டு சீக்கிரம் தேஞ்சிரும். தச்சா ஆறு மாசத்துக்குக் களம் கிடையாது, தையல் பிடிக்காமலும் போகலாம். என்ன செய்யட்டும்?"

அவள் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

"நறுக்கினது திரும்ப வளராதா டாக்டர்?"

"வளராது."

"சாரு வைவாரு. என்னைக்குத்தான் வையல? தைங்க."

தைத்தார்கள்.

கை கழுவும் இடத்திலும் நிறைமதிக்கு ஆறவில்லை.

"அவ நறுக்கச் சொல்லியிருந்தா?"

"நறுக்கியிருப்பேன்."

"தெரிஞ்சே கெடுத்திருப்பீங்க. அப்புறம் உங்களுக்கும் அந்தக் கோச்சுக்கும் என்ன மேடம் வித்தியாசம்?"

ஜெசிந்தா குழாயை மூடினார்.

"அவர் அவளைக் கேக்கல," என்றார். "நீயும் கேக்கல."