மெர்வின் விழுந்த மதியம்

மாசிலாமணி தன் குருவைவிட வயதில் மூத்தவர். கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஓட்டலில் ஷெரில் டிக்ரூஸ் டபுள் பேஸ் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, மறுநாளே பெரம்பூரில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எனக்குச் சொல்லிக் கொடுங்க மிஸ்."

"நின்னுக்கிட்டே வாசிக்கணும். கால் வலிக்கும்."

"வலிக்கட்டும்."

டபுள் பேஸ், ஆள் உயரத்தையும் தாண்டிய ஒரு வயலின் மாதிரி. பத்தொன்பது வயதில், ரயில்வே ஊழியர் மன்றமான இன்ஸ்டிட்யூட்டின் நடனங்களுக்கு ஷெரில் அதை வாசிக்கத் தொடங்கினாள். பிறகு ஓட்டல்கள், கப்பல்கள், கல்யாண வரவேற்புகள். எங்கே போனாலும் ஜாஸ் குழுவின் முன்னால் நின்று சாக்ஸபோன் ஊதியது அவள் கணவன் மெர்வின். கைதட்டல் அவனுக்கு. அவள் பின்னால் நிற்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் மதிய விருந்து. மாசிலாமணி முதல் மேசையில் இருந்தார். மெர்வின் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தான். திடீரென்று ஸ்வரம் பிசிறியது. முழங்கால் மடங்கி, அப்படியே பக்கவாட்டில் சரிந்தான்.

யாரோ அலறினார்கள். டிரம்ஸ் நின்றது. பியானோ நின்றது. சாப்பிட வந்திருந்த டாக்டர் ஒருவர் மேடைக்கு ஓடி, அவன் டையைத் தளர்த்தினார்.

பேஸ் மட்டும் நிற்கவில்லை.

ஷெரில் நின்ற இடத்திலேயே வாசித்துக்கொண்டிருந்தாள். வேகம்கூட மாறவில்லை.

"மிஸ்! நிறுத்துங்க மிஸ்!" மாசிலாமணி கத்தினார். அவள் நிமிரவில்லை.

"என்ன பொம்பளை இவ?" என்றது பின்னால் ஒரு குரல்.

பிறகு பேஸ் நின்றது. அதைத் தரையில் கிடத்திவிட்டு வந்து மெர்வின் தலைமாட்டில் மண்டியிட்டாள். அப்போதுதான் டாக்டர் பதறிப்போய் அவன் மார்பை அழுத்த ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் மாசிலாமணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாடத்துக்கும் போகவில்லை. சொல்லாமல் நின்றுவிடுவது மரியாதையில்லை என்று ஒரு காலையில் அவள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார்.

"நான் இனிமே வரல மிஸ்."

"சரி."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீங்கதான் கேக்க வந்திருக்கீங்க. கேளுங்க."

"புருஷன் கண் முன்னால விழுந்து கிடக்கிறார். நீங்க வாசிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. எப்படி மிஸ் முடிஞ்சது?"



"நீங்க எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தீங்க."

"ஆமா."

"நான் நின்ன இடத்திலேருந்து முகம் தெரியல. கால்தான் தெரிஞ்சது. தாளம் போட்டுக்கிட்டிருந்தது, சார்."

மாசிலாமணி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"அது நின்னதும் நானும் நிறுத்திட்டேன்."