போணியாகாத சேறு

"குருவே, என் சேறு போணியாகவில்லை," என்றார் அரங்கநாயகம்.

குரு நிமிரவில்லை. சுண்டுவிரல் உயரச் சிப்பாய் ஒருவனுக்குப் புருவம் வரைந்துகொண்டிருந்தார்.

குருவின் பெயர் பிலோமினா. ஆவடியில், தையல் கடை மாடியில் ஒற்றை அறை. வயது இருபத்தாறு. சிஷ்யரின் மீசையில் நரைத்த முடி மட்டுமே அதைவிட அதிகம்.

"அண்ணே, குருவேன்னு கூப்பிடாதீங்க. கீழே டெய்லர் சிரிக்கிறாரு."

"சரி குருவே."

ஆவடியில் ஒரு கூட்டம் உண்டு. டேங்க், ஜீப், சிப்பாய் எல்லாவற்றையும் குட்டியாகச் செய்து, ஒரு தாம்பாளத்துக்குள் போர்க்களத்தையே அடக்குகிறவர்கள். அதற்கு டயோரமா என்று பெயர். டேங்க் செய்ய எல்லோருக்கும் ஆசை. டேங்குக்குக் கீழே கிடக்கும் மண்ணைச் செய்ய யாருக்கும் பொறுமை இல்லை.

அங்கேதான் அரங்கநாயகம் புகுந்தார். மச்சானின் பெயின்ட் கடையில் பார்த்த வேலையை விட்டார். சேறு, புல், செங்கல் இடிபாடு, மணல் மூட்டை எல்லாவற்றையும் டப்பாவில் அடைத்து விற்கக் கிளம்பினார்.

ஒரு டப்பாகூட நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. அங்கேயும் போணியாகாவிட்டால் திங்கட்கிழமை மறுபடி மச்சான் கடை ஸ்டூல். மச்சான் ஸ்டூலைத் துடைத்தே வைத்துவிட்டார்.

"யார் என்ன சொன்னாங்க?" என்றார் குரு.

அரங்கநாயகம் ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டினார்.

மூக்கால் பேசும் பேங்க் மேனேஜர்: "பாயாசம் நல்லா இறுகியிருக்கு சார். முந்திரி போடலையா?"

காலேஜ் பையன்: "அங்கிள், கேக் சூப்பர். சேறு எங்க?"

கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். சுபேதார் குரல் வந்தது. "எடுத்துட்டுப் போய்யா."

சுபேதார் வில்வநாதன் ஒரு காலத்தில் நிஜ டேங்க் ஓட்டியவர். அவர் வாங்கினால் ஆவடியே வாங்கும்.

"மண் எங்க எடுத்தீங்க?"

"அசல் மண் குருவே. டேங்க் ஓடின மைதானத்து ஓரத்துல அள்ளினது."

சொல்லும்போதே மீசையைத் தடவிக்கொண்டார்.

குரு அந்த மண்ணைத் தட்டில் கொட்டினார். புருவம் காயாத சிப்பாயை அதில் நிற்க வைத்தார்.

"இவன்கிட்ட கேளுங்க."

"பொம்மைகிட்டயா?"

"அவன்தானே நடக்கப் போறான்."

அரங்கநாயகம் கன்னத்தை மேஜையில் வைத்துப் பார்த்தார்.

மணல் துகள் ஒவ்வொன்றும் சிப்பாயின் பூட்ஸ் பக்கத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி கிடந்தது. பழ லாரி கவிழ்ந்த இடத்தில் பாவம் அந்தப் பையன் துப்பாக்கியோடு நின்றான்.

அரங்கநாயகம் வீட்டுக்குப் போனார். மண்ணை இடித்தார். மல் துணியில் சலித்தார். பசை விட்டுக் குழைத்தார்.

வியாழக்கிழமை வந்தார். சிப்பாய் நின்றான். பழம் ஒன்றும் இல்லை.

"இப்போ, குருவே?"

"இப்போ முந்திரி போடாத பாயாசம்."

அரங்கநாயகம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ சேறுன்னா என்னதான் குருவே?"

மழை அப்போதுதான் விட்டிருந்தது. கீழே தெருவில் செங்கல் லாரி ஒன்று புதைந்து உறுமிக்கொண்டிருந்தது. குரு ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, போய் அந்த லாரியைத் தள்ளுங்க."

"நான் சேறு பத்திக் கேட்டேன்."

"பின் சக்கரத்துக்கு நேரா நின்னு தள்ளுங்க."

குரு சொல்லைத் தட்டாத சிஷ்யர். நேராக நின்றார். தள்ளினார்.

சக்கரம் சுற்றியது. லாரி போய்விட்டது. அரங்கநாயகம் நின்ற இடத்தில் ஒரு மண் சிலை நின்றது. சிலை கண்ணை மட்டும் திறந்தது.

டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

சிலை மாடியேறி வந்தது. "குருவே," என்றது. துப்பிவிட்டு மறுபடியும், "குருவே," என்றது.

"அசையாதீங்கண்ணே."

குரு ஃபேனைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்.

அரங்கநாயகம் முதலில் டீயைப் பார்த்தார். அது வராது என்று தெரிந்த பிறகு குனிந்து தன்னையே பார்த்தார்.

கணுக்காலில் சேறு கறுத்துப் பளபளத்தது. முழங்காலில் பளபளப்பு போய் மங்கிக்கொண்டிருந்தது. சட்டையில் தெறித்தது வெளுத்து வெடித்திருந்தது. தொட்டால் உதிர்ந்தது.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"குருவே, நான் குளிக்காம வீட்டுக்குப் போறேன்."

"போங்க."

வழியில் மச்சான் கடை. மச்சான் கல்லாவிலிருந்தபடியே மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மாப்ளே, சரக்கு விக்கலைன்னு நீங்களே பூசிக்கிட்டீங்களா?"

"வார்னிஷ் ஒரு டின் குடுங்க மச்சான். காய்ஞ்ச பிறகும் ஈரம் மாதிரி மினுங்கணும்."

"சேத்துக்கு வார்னிஷா?"

"ஆமா."

மச்சான் டின்னைக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஸ்டூலை இன்னொரு தடவை துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. கல்யாண மண்டபம். மைக்கில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"மாடல் பெருமக்களே, இது கண்காட்சி. பந்தி கிடையாது. சாப்பாட்டுக் கூடத்துக் கதவைத் தட்டாதீர்கள்."

மூலையில் அரங்கநாயகத்தின் மேஜை. மேலே ஒரு தட்டு, அதில் புதைந்த டேங்க். பக்கத்தில் மூன்று வகை டப்பா. பளபளக்கும் சேற்றில் 'இப்போ' என்று எழுதியிருந்தது. மங்கியதில் 'காலையில'. வெளுத்து வெடித்ததில் 'நேத்து'.

"நேத்துன்னா பழைய சரக்கா சார்?" என்றது பேங்க் மேனேஜரின் மூக்கு.

அரங்கநாயகம் வாசலைப் பார்த்தார். சுபேதார் வந்துகொண்டிருந்தார்.

சுபேதார் நின்றார். குனிந்தார். டேங்கை அவர் பார்க்கவே இல்லை. விரலை நீட்டிச் சக்கரத்தடியில் சேற்றைத் தொட்டார்.

சட்டென்று கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார்.

துடைத்த பிறகுதான் கைக்குட்டையைப் பார்த்தார். வெள்ளை. விரலைப் பார்த்தார். சுத்தம்.

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

சுபேதார் இன்னொரு தடவை தொட்டார். இன்னொரு தடவை துடைத்தார்.

"'இப்போ' ரெண்டு டப்பா," என்றார். "'நேத்து' நாலு."

அதற்குப் பிறகு மேஜையே தெரியவில்லை. பேங்க் மேனேஜர் முழங்கையால் வழி செய்துகொண்டு வந்தார். மைக்கில் பேசியவர் மைக்கை வைத்துவிட்டு வந்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சான் எப்போது மேஜைக்கு உள்பக்கம் வந்தார் என்று தெரியவில்லை. வேர்க்க விறுவிறுக்க டப்பா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, 'காலையில' டப்பாவை எங்க வச்சீங்க? கேக்குறாங்க, சீக்கிரம்."

அரங்கநாயகம் குருவைத் தேடினார். காலில் விழுவதாகவே முடிவு செய்திருந்தார்.

குரு கூட்டத்துக்குள் நசுங்கிக்கொண்டிருந்தார். காலேஜ் பையனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"தம்பி, அது கடைசி டப்பா. நான் முன்னாடியே நிக்கிறேன். கையை எடு."