‘எடை பூஜ்யம்’ ஓடுமா?

சீடருக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு நாற்பத்து மூன்று.

சீடர் திரவியம், கோவில்பட்டி மீனாம்பிகா தியேட்டரின் முதலாளி. அதற்கு முன் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருந்தார். சினிமா அவருக்குப் புதிது. குரு சண்முகவடிவு, அதே தியேட்டரில் இருபத்தொரு வருடமாக டிக்கெட் கொடுப்பவர்.

முதலாளி எப்படிச் சீடரானார் என்பதை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தியேட்டரை வாங்கிய முதல் நாள், படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கவுண்டர் பக்கம் வந்தார். உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது.

“உள்ள இருநூத்து முப்பது பேர் இருக்காங்க” என்றார் சண்முகவடிவு, அந்தச் சத்தத்தை வைத்தே.

திரவியம் கிழித்த டிக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தார். இருநூற்று முப்பத்தொன்று.

“ஒண்ணு தப்பிப் போச்சே” என்றார்.

“ஒருத்தர் தூங்குறாரு, அண்ணாச்சி.”

போய்ப் பார்த்தார். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அன்று முதல் திரவியம் சண்முகவடிவைக் குருவே என்றுதான் கூப்பிடுகிறார். முதலில் விளையாட்டாகத்தான் கூப்பிட்டார்.

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. காலை பத்து மணிக்குத் திரவியம் கையில் போனுடன் கவுண்டருக்கு வந்தார்.

“குருவே, ‘எடை பூஜ்யம்’ டிரெய்லரை ஒரு கோடியே பத்து லட்சம் பேர் பார்த்திருக்காங்க.”

“சரி.”

“பெரிய ஹீரோ படத்து டிரெய்லரை நாலு கோடிப் பேர் பார்த்திருக்காங்க.”

“சரி.”

“எல்லாத்துக்கும் சரின்னா நான் என்ன செய்ய? ‘எடை பூஜ்யம்’ ஓடுமா ஓடாதா? அதைச் சொல்லுங்க.”

‘எடை பூஜ்யம்’ ஓர் அறிவியல் புனைவுப் படம். விண்வெளி நிலையத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு மெக்கானிக்கின் கதை. எடுத்தவள் கோமதி, இதே ஊர்க்காரி. அவள் அப்பாவுக்கு இங்கே லேத் பட்டறை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, “தீபாவளிக்கு முதல் ஆட்டம் நம்ம தியேட்டர்லதான்மா” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் திரவியம்.

அதற்குப் பிறகுதான் பெரிய ஹீரோவின் படமும் தீபாவளிக்கே வருகிறது என்று சொன்னார்கள். தியேட்டரில் இருப்பது ஒரே திரை. அந்தப் படத்தின் ஏஜெண்ட் பால்துரை, மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தான். பேச்சோடு பேச்சாக, “பேர்லயே பூஜ்யம் இருக்கு, அதைப் போய்ப் பிடிச்சிட்டு நிக்கீங்களே, பத்தொம்பது அண்ணாச்சி” என்றும் சொல்லியிருந்தான்.

அந்தப் பட்டப்பெயருக்கும் கணக்கு உண்டு. போன தீபாவளிக்குத் திரவியம் தானே தேர்ந்தெடுத்துப் போட்ட படத்துக்கு மூன்றாம் நாள் மேட்னியில் பத்தொன்பது பேர். மொத்த நாற்காலி அறுநூற்றுப் பன்னிரண்டு. மறுநாளே மார்க்கெட்டில் அவருக்குப் பெயர் மாறிவிட்டது. ஒரு வருடமாக அந்த எண்ணைக் கேட்டால் அவருக்கு முகம் சுருங்கும். பஸ்ஸில் பத்தொன்பது ரூபாய் டிக்கெட் என்றாலும் சுருங்கும்.

“இந்தத் தடவையும் தப்புனா நான் இந்த ஊர்ல நடமாட முடியாது, குருவே. வாக்கை மாத்துனாலும் நடமாட முடியாது.”

சண்முகவடிவு ஒருவருக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

அப்போது தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

எதிர்ச் சுவரில் ‘எடை பூஜ்யம்’ போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. ஆறு தாள் சேர்ந்த பெரிய போஸ்டர். விண்வெளி உடுப்பில் ஒரு மனிதன் நேராக நின்றான். எழுத்தெல்லாம் தலைகீழாக இருந்தது.

“ஏலே சுடலை! என்னலே செஞ்சு வச்சிருக்க?”

போஸ்டர் ஒட்டும் சுடலை பசை வாளியோடு ஓடி வந்தார்.

“அச்சடிச்சவன் தப்பா அடிச்சிருந்தான், அண்ணாச்சி. ஹீரோ தலைகீழா இருந்தாரு. நான்தான் நேராக்குனேன்.”

“அவன் விண்வெளியில மிதக்கான்லே. அப்படித்தான் இருப்பான்.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? எழுத்து எனக்கு வராது. மொகம் நேரா இருந்தா போஸ்டர் நேரா. இருபத்திரண்டு வருசமா அப்படித்தான் ஒட்டுதேன். ஹீரோவைத் தலைகீழா ஒட்டுனா ரசிகருங்க என்னைத் தலைகீழா கட்டித் தொங்கவிட மாட்டாங்களா?”

“கிழிச்சுப் போடு. இப்பவே கிழி.”

“இருக்கட்டும், அண்ணாச்சி” என்று கவுண்டருக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து எண்ணுங்க.”

குரு சொன்னால் சீடர் மறுப்பதில்லை. பழைய டிக்கெட் புத்தகத்தின் பின்பக்கத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். பத்து நாற்பதிலிருந்து பன்னிரண்டு நாற்பது வரை எண்ணினார். சுடலை பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு திரவியம் கவுண்டருக்கு வந்தார்.

“போனவங்க முந்நூத்து நாப்பத்தாறு. பார்த்தவங்க நூத்து இருபத்தொண்ணு.”

“நல்லா எண்ணியிருக்கீங்க.”

“அப்ப ஓடுமா?”

“எதை எண்ணணும்னு நீங்க கேக்கவே இல்லையே, அண்ணாச்சி.”

திரவியம் தலையைச் சொறிந்தார். “சரி, எதை எண்ண?”

“கழுத்தை.”

இரண்டு மணிக்கு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த முறை அவருக்குத் தெரு வேறு மாதிரித் தெரிந்தது. சிலர் பார்த்துவிட்டுச் சிரித்துப் போனார்கள். சிலர் நின்று கழுத்தைச் சாய்த்தார்கள். காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை கொடுத்து, நன்றாக வளைந்து வாசித்தார். இரண்டு கல்லூரிப் பெண்கள் போனில் படம் எடுத்து, போனைத் திருப்பிப் பார்த்தார்கள்.

டாஸ்மாக் பக்கமிருந்து வந்த ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாரும் ஏன்யா கழுத்தைத் திருப்புதீங்க? நேராத்தானே இருக்கு!”

அவரைத் திரவியம் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு பஸ் கண்டக்டர் மகளோடு நின்றார். சிறுமி கேட்டாள்.

“அப்பா, இதுல மேல எது? கீழ எது?”

“அங்க போயிட்டா மேல கீழன்னு கிடையாது, தாயி.”

“அந்த எழுத்து என்னப்பா?”

கண்டக்டர் தலையைச் சாய்த்து எழுத்துக் கூட்டினார். “இறங்க… இடம்… இல்லை.” பிறகு சிரித்தார். “அடப் பாவி, நம்ம பஸ் மாதிரில்லா இருக்கு.”

சிறுமி சிரிக்கவில்லை. “அப்ப அந்த மாமா எப்படி வீட்டுக்கு வருவாரு?”

கண்டக்டர் மறுபடி ஒருமுறை போஸ்டரைப் பார்த்தார். பிறகு தெருவைக் கடந்து கவுண்டருக்குப் போனார்.

நான்கு மணிக்குத் திரவியம் எழுந்தபோது தாளில் நாற்பத்தேழு கோடுகள் இருந்தன.

“நாப்பத்தேழு கழுத்து, குருவே.”

“கவுண்டருக்கு வந்து எப்ப வருதுன்னு கேட்டவங்க பதினோரு பேர்” என்றார் சண்முகவடிவு. “அதுல நாலு பேர் ஹீரோ யாருன்னு கேட்டாங்க. ஏழு பேர் அவன் திரும்பி வருவானான்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எனக்கும் தெரியாது, பதினெட்டு நாள் பொறுங்கன்னேன்.”

திரவியம் கடிகாரத்தைப் பார்த்தார். “பதினோரு பேரை வச்சு அறுநூத்துப் பன்னிரண்டு நாற்காலியை எப்படி நிரப்ப?”

அப்போது பன்னிரண்டாவது ஆள் வந்தார். தையல்கடை அருள்ராஜ். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“வடிவக்கா, கோமதி படம் தீபாவளிக்குத்தானே?”

“ஆமா.”

“நான் வாரேன். குடும்பத்தோட நாலு பேர். ஆனா ஒண்ணு. எஃப் பதினாலாம் சீட்டு ஆடுது. போன தீபாவளிக்கே சொன்னேன். இதுல அவன் மிதக்கணும், நான் மிதக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டுப் போய்விட்டார்.

திரவியம் கவுண்டர் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

“போன தீபாவளிக்கு அவர் என்னைக்கு வந்தாரு?”

“மூணாம் நாள் மேட்னி.”

“அந்தப் பத்தொம்பதுல அவர் ஒருத்தரா?”

“எஃப் வரிசையில அவர் மட்டும்தான். இன்னைக்கு வந்து கேட்ட பன்னிரண்டு பேர்ல ஒம்போது பேர் அந்தப் பத்தொம்பதுல உள்ளவங்க. அந்தக் கண்டக்டரும்தான். மகளை அன்னைக்கு மடியில வச்சிருந்தாரு. அதுக்கு டிக்கெட் கிடையாது. அதையும் சேர்த்தா இருபது.”

“எனக்கு ஒருத்தரையும் தெரியலையே.”

“அன்னைக்கு நீங்க உள்ள வரல, அண்ணாச்சி. ஆபீஸ் ரூம்ல கதவைச் சாத்திட்டு இருந்தீங்க.”

திரவியம் தாளைப் பார்த்தார். நாற்பத்தேழு கோடுகளையும் ஒரு முறை விரலால் தொட்டு எண்ணினார். சரியாக இருந்தது.

“படம் எப்படி இருந்துச்சுன்னு அந்தப் பத்தொம்பது பேரும் அன்னைக்கு என்ன சொன்னாங்க?”

“படம் சுமார்னாங்க. பாதியில ஒருத்தரும் எந்திரிக்கல.”

ஐந்து அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. பால்துரை. திரவியம் குருவைப் பார்த்தார். குரு சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“சொல்லு, பால்துரை.”

“என்ன முடிவு, அண்ணாச்சி? நம்ம படத்துக்குத்தானே?”

“கோமதி படம் போடுதேன்.”

போனில் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த சுடலைக்கும் கேட்கும் அளவுக்கு வந்தது.

“யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா? ஆகாசத்துல தொங்குறவனை நம்ம ஊர்ல எவன் பார்ப்பான்? மூணாம் நாள் எத்தனை பேர் உக்காந்திருப்பான்? பத்தொம்பதா?”

திரவியத்தின் முகம் சுருங்கவில்லை.

“பத்தொம்பது பேர் நிச்சயம், பால்துரை” என்றார். “பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்காங்க. மத்த ஐந்நூத்துத் தொண்ணூத்து மூணு சீட்டுக்குத்தான் ஆள் பார்க்கணும். பதினெட்டு நாள் கிடக்கு.”

போனை வைத்தபோது அவர் நிமிர்ந்துதான் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் போஸ்டரைப் பார்த்தார். அவருடைய கழுத்தும் தானாகச் சாய்ந்தது. ஓர் ஓரத்தில், சிறிய எழுத்தில், ‘எழுத்து, இயக்கம்: கோமதி’ என்று இருந்தது. அன்று முழுவதும் எதிரே உட்கார்ந்திருந்தும் அதை அவர் அப்போதுதான் வாசித்தார்.

“நம்ம ஊர்ப் புள்ள” என்றார், யாரிடமும் என்றில்லாமல்.

சுடலை மெல்ல அருகில் வந்தார். “மிச்சம் முப்பத்தொம்போது போஸ்டர் இருக்கு, அண்ணாச்சி. எப்படி ஒட்டணும்?”

திரவியத்துக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. வேகமாகக் கவுண்டருக்குத் திரும்பினார்.

“குருவே! முப்பத்தொம்போதையும் தலைகீழா ஒட்டச் சொல்லட்டா? ஊர் பூராக் கழுத்தைச் சாய்க்கட்டும்.”

“வேண்டாம், அண்ணாச்சி.”

“ஏன்? நல்லாத்தானே வேலை செஞ்சிது?”

“ஒரு தடவைன்னா தப்பு. முப்பத்தொம்போது தடவைன்னா ஏமாத்து.”

சுடலை தலையாட்டினார். “அப்ப மொகம் தலைகீழா, எழுத்து நேரா. அப்படித்தானே வடிவு?”

“அப்படித்தான்.”

“ரசிகருங்க அடிச்சா?”

“என் பேரைச் சொல்லுங்க.”

சுடலை வாளியை எடுத்துக்கொண்டு போனார். ஆறரை மணிக் காட்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. திரவியம் கவுண்டர் ஜன்னலை விட்டு நகரவில்லை. வாக்கைக் காப்பாற்றிவிட்டார். பால்துரைக்கும் பதில் சொல்லிவிட்டார். ஆனாலும் காலையில் கேட்ட கேள்வி காலையில் கேட்ட இடத்திலேயே நின்றது.

“கடைசியா ஒரு தடவை கேக்கேன், குருவே. கோவிச்சுக்கப்படாது.”

“கேளுங்க.”

“படம் ஓடுமா?”

சண்முகவடிவு மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு ஸ்பேனர் இருந்தது. அதை எடுத்து, டிக்கெட் கொடுக்கும் ஓட்டை வழியாக முதலாளியின் கையில் வைத்தார்.

“ஓடுறது படத்தோட வேலை, அண்ணாச்சி. நம்ம நாற்காலி ஆடக் கூடாது.”