ரெண்டாவது கரண்டி

சடையப்பன் மடத்துல சேர்ந்த புதுசுல அவன் வாய்க்குப் பூட்டு போட ஆளே இல்ல. ஆனா வெள்ளிக்கிழமை அன்னதானம்னா போதும், சத்தமில்லாம பூசணிக்காய் அடுக்கி வச்ச ரூமுக்குள்ள போயி உக்காந்துக்குவான். பந்தி முடிஞ்சாத்தான் வெளிய வருவான்.

பந்திக்கு வடிவு வருவா. அவன் பொண்டாட்டி. ஞானம் தேடப் போறேன்னு இவன் கெளம்பின அன்னிக்கு, "சாப்பிட்டுட்டுப் போ"ன்னு மட்டும் சொன்னவ.

"தன்னடக்கம்னா நம்ம சடையப்பன்தான்"னு மடமே சொல்லுச்சு. பூசணிக்காய்ங்க மட்டும்தான் ஒண்ணும் சொல்லல. அதுங்களுக்குத்தான் தெரியும், உள்ள அவன் என்ன பாடுபடுறான்னு.

அன்னிக்கும் வெள்ளிக்கிழமை. மறுநாள் அவனுக்குக் காவி கொடுக்கிறதா இருந்துச்சு. மடத்தை நடத்துற பூரணத்தம்மா முன்னாடி வந்து நின்னான். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தாங்க.

"அம்மா, தன்னடக்கம்னு சொல்றாங்களே, அந்த வார்த்தை எனக்குப் பொருந்துமா?"

"பல்லு போனவன் முறுக்கு வேண்டாம்னா, அவனுக்கு அந்த வார்த்தையச் சொல்லுவியா?"

"எனக்குப் பல்லு இருக்கும்மா."

"அப்ப முறுக்கு இருக்கிற எடத்துக்குப் போ. இன்னிக்குப் பாயசம் நீ ஊத்து."

அந்த மடத்துல பரிமாறுறவங்க சாப்பிடுறவங்க மூஞ்சியப் பாக்கக்கூடாது. இலையையும் கையையும்தான் பாக்கணும். "போதுமா"ன்னு மட்டும் கேக்கலாம்.

சடையப்பன் வாளியத் தூக்கிட்டு எறங்கினான். இலை, கை, போதுமா. இலை, கை, போதுமா. நடுப்பந்தியில ஒரு கை. கட்டைவிரல் ஓரமா எண்ணெய் சுட்ட தழும்பு. இவன் அடிச்ச ஏதோ ஜோக்குக்கு வடிவு விழுந்து விழுந்து சிரிச்சு, வடைச்சட்டியில பட்டது.

ஒரு கரண்டி ஊத்தினான். கல்யாண வீட்டுல பாயசத்துக்குன்னே அடுத்த பந்தியிலயும் உக்காருறவ அவ. கேக்காமலே இன்னொரு கரண்டி மொண்டான்.

"போதுமா?"

அந்தக் கை மெதுவா வந்து இலைய மூடிக்கிச்சு.

வாளிய வச்சிட்டு அம்மாகிட்ட வந்தான்.

"நிமிர்ந்து பாக்கல. ஒரு வார்த்தை கூடுதலாப் பேசல. ஜெயிச்சுட்டேம்மா."

"கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"

"பாயசம் நல்ல சூடு. ஆவி."

"வடிவு எவ்வளவு குடிச்சா?"

"வாளியோட கொடுத்தாலும் குடிப்பா. இன்னிக்கு ஒரு கரண்டிதான். கைய வச்சு மறிச்சுட்டா."

"வாராவாரம் அந்தப் பூசணிக்காய் ரூம் கதவுக்கு நேராத்தான் உக்காருறா. ஒரு நாளும் உன் பேரைச் சொன்னதில்ல." அம்மா அரிவாள்மணைய மடக்கினாங்க. "அந்த வார்த்தைய யாருக்குச் சொல்லணும்?"

சடையப்பன் வாயத் தொறந்தான்.

"அப்ப நாளைக்குக் காவி..."

அம்மா ஜன்னல் வழியா வெளிய பாத்தாங்க.

"மத்தவங்க எல்லாரும் எந்திரிச்சுப் போயாச்சு. ஒருத்தி மட்டும் இன்னும் இலைய மடிக்கல, சடையப்பா."