எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால் போன கல்யாணப் படகு

இந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் நம்புத்தாய் முதலில் தயங்குவாள். பழத்தை முன்னால் சொல்லி ஸ்பீக்கர் பெட்டியைப் பின்னால் சொல்லிவிட்டால் எல்லாம் தப்பாகிவிடுமே, கேட்கிறவர்கள் தன் தம்பிமாரை முட்டாள்கள் என்று நினைத்துவிடுவார்களே என்று பயம். அதனால் பெட்டியிலிருந்தே தொடங்குவோம்.

நம்புத்தாய் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு உப்பங்கழிக்கு அந்தக் கரை. "பாட்டோடு படகு வந்தால்தான் மாப்பிள்ளை ஏறுவார். இல்லையென்றால் வேறு பெண்ணும் பார்த்து வைத்திருக்கிறோம்" என்று சம்பந்தி சொல்லியனுப்பிவிட்டார். மைக்செட்காரரோ முதல்நாள் கோயில் கொடை விழாவில் ஆம்ப்ளிஃபயரைப் புகையவிட்டுவிட்டு வீட்டில் குப்புறப் படுத்திருந்தார்.

தம்பி பூமிராஜ் உடைசலுக்குப் போன காரிலிருந்து ஒரு ஸ்டீரியோவைக் கழற்றி வந்தான். சின்னத்தம்பி உறுமநாதன், அக்கா வீட்டு டிவிக்கு இருபுறமும் பீரோ மாதிரி நின்ற ஸ்பீக்கர்களைத் தூக்கி வந்தான். மெக்கானிக் எல்லாவற்றையும் பேட்டரியில் இணைத்துக் கொடுத்தார்.

"இது கார் செட்டு. காரைப் பாத்துக்கிற மாதிரி பாத்துக்கங்க. இடது பெட்டி இடது பக்கமே இருக்கணும், மாத்திப்புடாதீங்க."

நம்புத்தாய் அதை ஜெபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே படகில் ஏறினாள்.

ஏறியதும் முதல் சிக்கல். புதுக் கார் எடுத்தால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். படகில் சக்கரத்தைக் காணோம். நம்புத்தாயின் புருஷன் நாகமுனி பழத்தைப் படகின் மூக்குக்கு முன்னால் தண்ணீரில் வைத்தார். மூங்கிலை ஊன்றித் தள்ளினார்கள். படகு தள்ளிய அலையில் பழமும் முன்னால் போனது.

"ஏறல மாப்ள!" என்று நாகமுனி பூமிராஜிடம் கத்தினார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க மச்சான்."

"பழம் நசுங்காம வண்டிய எடுக்கக் கூடாதுடா."

"நாம எங்க எடுத்தோம்? இன்னும் பழத்தத்தானே நசுக்கிக்கிட்டு இருக்கோம்."

இப்படி, எடுக்காத வண்டியிலேயே பாதிக் கழியைத் தாண்டிவிட்டார்கள்.

உறுமநாதன் ஸ்டீரியோவைத் திருகினான். ரேடியோ பேசியது: "பலத்த காற்று வீசக்கூடும். படகுகளில் யாரும் செல்ல வேண்டாம்."

"ஏங்க, திரும்பிருவோம்! பெத்த மக கல்யாணத்தப் பாக்காமலே போய்ச் சேந்துருவேன் போலருக்கே!"

"அவன் படகுல போறவங்களச் சொல்றான்க்கா. கார் செட்டு வச்சிருக்கவங்கள ஒரு வார்த்தை சொன்னானா?"

நம்புத்தாய் யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லைதான். ஆனாலும் காரில் பெல்ட் போட வேண்டுமே என்று, முந்தானையால் தன்னை இடது ஸ்பீக்கரோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பழம்தான் முதலில் அக்கரை சேர்ந்தது. வரவேற்க வேகமாக இறங்கி வந்த சம்பந்தி அதன்மேல் காலை வைத்து, வழுக்கி, சேற்றில் உட்கார்ந்தார். படகில் ஒரே கைதட்டல்.

"நசுங்கிருச்சு! இனி வண்டிய எடுக்கலாம்!"

நல்லவேளையாக ரேடியோவில் அப்போது நாதஸ்வரம் வந்தது. சம்பந்தி எதுவும் சொல்வதற்குள் மாப்பிள்ளை ஏறிவிட்டார். படகைத் திருப்பப் போனபோது உறுமநாதன் அலறினான்.

"நிறுத்துங்க! வரும்போது இடது பெட்டி கோயில் பக்கம் இருந்துச்சு. திரும்பினா உப்பளத்துப் பக்கம் போயிருமே!"

"மாத்தாதேன்னு மெக்கானிக் அடிச்சு அடிச்சுச் சொன்னாரேடா!"

"பெட்டியத் தூக்கி அந்தப் பக்கம் வச்சிருவமா?"

"அது மட்டும் மாத்தினதுல சேராதா? பெட்டியோட உங்க அக்காவையும் வேற அவுக்கணும்."

எல்லோரும் தாடையில் கை வைத்தார்கள். முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது. நம்புத்தாய் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைசியில் நாகமுனி தீர்ப்புச் சொன்னார்:

"திரும்பாமலே திரும்புவோம்."

படகு பின்பக்கமாகவே புறப்பட்டது. எல்லோரும் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்தபடியே பெண் வீட்டுக்கு வந்தார்கள்.

"நான் மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக்கட்டுமா மாமா?" என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"கார்ல யாராச்சும் பின்னாடி பாத்து உக்காருவாங்களா தம்பி? தலை சுத்தும்."

கரையில் காத்திருந்த மகள் மாலையை மாப்பிள்ளையின் முதுகுப்புறமிருந்துதான் போட்டாள். ஐயர் முகூர்த்தத்தை முடிந்தவரை இழுத்துப் பிடித்து வைத்திருந்தார். தாலி ஏறியது. நம்புத்தாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் அக்கரைக்குப் போக வேண்டும். காற்றும் ரேடியோ சொன்னபடியே கிளம்பிவிட்டது.

"இனி தண்ணியில நான் காலே வைக்க மாட்டேன்," என்றாள் நம்புத்தாய். "கழியச் சுத்தி ரோடு இருக்குல்ல? படகை ரோட்டுல விடுங்க."

படகை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும், கூடவே நாகமுனியும் தம்பிமாரும் படகுக்குள் உட்கார்ந்தார்கள். எலுமிச்சம்பழம் முதல் தடவையிலேயே நசுங்கியது. நம்புத்தாய் மிதவை ஜாக்கெட் போட்டு, முந்தானையை இடது ஸ்பீக்கரில் முடிந்து, எங்கேயாவது தண்ணீர் உள்ளே வருகிறதா என்று வழியெல்லாம் படகின் அடிப்பலகையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

டீக்கடை முன்னால் டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். ஆளில்லாத வண்டி எங்கேயாவது அடித்துக்கொண்டு போய்விட்டால்? நம்புத்தாய் நங்கூரத்தைத் தூக்கி ரோட்டோரம் இறக்கினாள். அது மைல்கல்லில் கச்சிதமாக மாட்டிக்கொண்டது.

டிரைவர் வந்து கிளப்பினார். டிராக்டர் உறுமியது. நகரவில்லை.

பூமிராஜ் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினான். "தரை தட்டிருச்சு மச்சான்."

"அதுக்கென்ன," என்று நம்புத்தாய் ஜாக்கெட்டின் நாடாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். "தண்ணி ஏறட்டும். அதுவரைக்கும் பாட்டப் போடு."