கத்திரித் தோட்டத்துக் கைதிகள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கருவேலி நாட்டைக் காங்கேயவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டது பாதி நேரம், சாப்பிட்டது மீதி நேரம். எதிரிப் படை எல்லையில் நிற்கிறது என்று ஒற்றன் ஓடிவந்து சொன்னாலும், "இருப்பா, ரசம் சாதம் முடியட்டும்" என்பார். அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் எண்ணெய்க் கத்திரிக்காயைப் பிட்டுப் பார்த்தால், உள்ளே ஒரு புழு. வெந்து சுருண்டு கிடக்கிறது.

அவ்வளவுதான். இலையைத் தள்ளிவிட்டு நேராகச் சபைக்கு வந்துவிட்டார். "யார் வளர்த்த காய் இது?"

இதற்காகவே காத்திருந்தவர் போல உக்கிராண அதிகாரி அம்பலவாணர் முன்னால் வந்தார். அரண்மனைச் சமையலுக்குப் போகும் அரிசி, பருப்பு, காய் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். அரண்மனைத் தோட்டத்தைத் தன் மச்சானுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு மூன்று வருஷமாக அரிப்பு. ஆனால் தோட்டத்தில் ஒச்சம்மா இருந்தாள். புருஷன் போன பிறகு தனி ஆளாகக் கொத்தி, நட்டு, அங்கேயே குடிசை போட்டுக் குடியிருப்பவள். அவளை அசைக்க முடியவில்லை.

"மகாராஜா, அந்த ஒச்சம்மா தோட்டத்தில் பூச்சி வளர்க்கிறாள். அவரைக் கொடியிலிருந்து வண்டுகளைப் பொறுக்கி, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து, கத்திரிச் செடியில் விடுகிறாள். என் கண்ணால் பார்த்தேன். நேற்றே ஆறு வண்டுகளைப் பிடித்துப் பானையில் அடைத்து, இதோ கொண்டுவந்திருக்கிறேன்."

ஒச்சம்மாவைக் கூட்டிவந்தார்கள்.

"செடியில் வண்டு விட்டாயா?" என்றார் ராஜா.

"விட்டேன் மகாராசா."

கொஞ்சமாவது மழுப்புவாள் என்று பார்த்தால் இப்படிப் பட்டென்று சொல்கிறாளே என்று சபை வாயைப் பிளந்தது. ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கே புகைமூட்டம் போட்டுத் தோட்டத்தில் ஒரு பூச்சி விடாமல் கொல்லுங்கள். இவள் இன்றே குடிசையைக் காலி செய்யட்டும். முதலில் இந்தப் பானையில் இருப்பவற்றை என் முன்னால் நசுக்குங்கள்."

தோட்டம் போனால் ஒச்சம்மாவுக்குப் போக்கிடம் கிடையாது. ஆனாலும் குரலைத் தளர விடவில்லை.

"நசுக்குங்க மகாராசா. ஆனா நம்ம நாட்டுல தண்டனைக்கு முன்னால கைதிக்குப் பிடிச்ச சாப்பாடு போடுறது வழக்கமாச்சே. இதுக நேத்திலேருந்து பட்டினி."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. அந்த வழக்கம் அவருடைய தாத்தா கொண்டுவந்தது. வேறு எதில் வழுக்கினாலும் சாப்பாட்டு விஷயத்தில் அந்த வம்சம் வழுக்கியதே இல்லை.

"சரி, இதற்கு என்ன பிடிக்கும்?"

"அதை அதுககிட்டேயே கேட்டுருவோம்."

ஒரு பெரிய தாம்பாளம் வந்தது. ஒரு பக்கம் பச்சைப் பசேலென்று கத்திரி இலை. இன்னொரு பக்கம் அசுவினி மொய்த்த அவரைக் கொழுந்து. அசுவினி என்றால் செடியின் சாற்றை உறிஞ்சும் பேன். நடுவில் வண்டுகளை விட்டு, மேலே மெல்லிய துணியைப் போர்த்தினார்கள். சிவப்பாக, கறுப்புப் புள்ளி வைத்த ஆறு வண்டுகள். அவற்றில் ஐந்து விறுவிறுவென்று அவரைக் கொழுந்துக்குப் போயின.

ராஜா குனிந்து பார்த்தார். "அட, இலையைத் தொடவில்லையே. பேனையல்லவா தின்கிறது?"

"பொறிவண்டு மகாராசா. தோட்டத்துக்குக் காவக்காரன். அவரையில நிறைய இருக்கும், பேன் பிடிச்ச செடிக்கு நான் கொண்டுபோய் விடுவேன்."

அதற்குள் ஆறாவது வண்டு கத்திரி இலையில் ஏறி மும்முரமாகச் சுரண்ட ஆரம்பித்தது. அம்பலவாணர் கையைத் தட்டினார். "பார்த்தீர்களா மகாராஜா, இலையைத் தின்கிறது. இவள் விட்ட காவல்காரனின் லட்சணம் இது."

ராஜாவின் புருவம் மறுபடி ஏறியது. ஒச்சம்மா தாம்பாளத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது எங்க ஆளு இல்ல. மத்த அஞ்சு முதுகும் எண்ணெய் தடவின மாதிரி பளபளங்குது. இது தூசி படிஞ்ச மாதிரி மங்கல். பூனை முடி வேற. புள்ளியும் அதிகம். இதைக் கண்ட இடத்துலயே நான் நசுக்கிருவேன். சிவப்பா, புள்ளி வச்சிருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சு ஐயா சேர்த்துப் பிடிச்சிட்டாரு."

ராஜா துணிக்குமேல் மூக்கை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். ஆனால் மனுஷனுக்கு மத்தியானச் சாப்பாடு கெட்ட கோபம் இன்னும் இறங்கவில்லை. "அப்படியானால் என் கத்திரிக்காயில் இருந்த புழு? அதை ஏன் உன் காவல்காரன் பிடிக்கவில்லை?"

"காய்க்குள்ள பூந்துட்டா அவனால முடியாது மகாராசா. வாடின கொழுந்தைக் கிள்ளி, ஓட்டை விழுந்த காயைப் பறிச்சு, குழியில போட்டு மூடணும். நான் அப்படித்தான் செஞ்சுட்டிருந்தேன். பத்து நாளைக்கு முன்னால ஐயா வந்து, அரண்மனைக் காயைக் குழியில போடாதே, ஓட்டைக் காயையும் கூடையில வச்சு அனுப்புன்னாரு. தனிக் கூடையிலதான் அனுப்பினேன்."

"பத்து நாளா?" ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அப்படியென்றால் நான் பார்க்காமல் சாப்பிட்டது எத்தனை?"

அம்பலவாணர் கூரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்பலவாணரே, இந்தப் போகம் முடியும்வரை தினமும் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய் ஓட்டைக் காய் பொறுக்கும். எந்த வண்டு எது என்று இவள் சொல்லித் தருவாள். திருப்பிக் கேட்கும்போது நீர் தப்பாகச் சொன்னால் அன்றைக்குப் பொறுக்கியதுதான் உமக்குக் குழம்பு."

"வரும்போது தலைப்பாகையைக் கழட்டி வச்சிட்டு வாங்க ஐயா. நிறையக் குனியணும்" என்றாள் ஒச்சம்மா.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு என்ன வேண்டும், கேள்."

"தோட்டத்துல எதைக் கொல்றது, எதை விடுறதுன்னு நான் சொல்றதுதான் உத்தரவுன்னு ஓலையில எழுதிக் குடுங்க. மகாராசாவே வந்து சொன்னாலும் செல்லாதுன்னு சேர்த்து எழுதுங்க."

எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். அவள் கிளம்பியதும் அவர் முழங்கையில் என்னவோ வந்து உட்கார்ந்தது. அடிக்கக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒச்சம்மா, சீக்கிரம் வந்து பார். இது நம்ம ஆளா?"

வாசல்வரை போயிருந்தவள் திரும்பி வந்தாள். குனிந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"கொசு, மகாராசா. அடிங்க."

அதற்குள் அது வயிறு முட்டக் குடித்துவிட்டுப் பறந்துவிட்டது.